ஏழு புள்ளி ஒன்றிலிருந்து பத்து வரை

02-09-2024, திங்கள், காலை 11.40

ஹீமோகுளோபின் 7.1. இரும்பின் இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் 6. ஃபோலேட் 2.3. மூன்றுமே இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே. ஆள்: செண்பகவல்லி, என் அக்கா, வயது நாற்பத்தொன்று, எடை நாற்பத்தெட்டு கிலோ.

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். தண்ணீர் சுத்திகரிக்கும் இடங்களில் மருந்து செலுத்தும் பம்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ரீடிங் எழுதாமல் எதிலும் கை வைப்பதில்லை என்பதால் இந்த நோட்டு.

கர்ப்பப்பையில் கட்டி. ரெண்டு வருடமாக மாதத்துக்குப் பத்து நாள் ரத்தம் போயிருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

“எல்லாருக்கும் அப்படித்தான் போகும்னு நெனச்சேன்டே” என்கிறாள். ரெண்டு வருடம்! ஒரு குழாய் ஒழுகினால் ரெண்டு நாளில் பிளம்பரைக் கூப்பிடுகிறோம்.

டாக்டர் ஜெபராணி அறுவை சிகிச்சைக்கு அக்டோபர் 18 குறித்திருக்கிறார். “பத்துக்கு மேல வராம டேபிள்ல ஏத்த மாட்டேன்” என்றும் சொல்லிவிட்டார். ஆக நாற்பத்தாறு நாள், 2.9 புள்ளி.

லேபில் ஒரு சண்டை. டாக்டர் சீட்டில் எழுதிய பரிசோதனைகளில் பி12 மட்டும் பாக்கி. அதைச் சோதிக்கும் மருந்து தீர்ந்துவிட்டதாம். இன்னொரு ட்யூப் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பவேண்டுமாம். மூன்று நாள் ஆகுமாம். “ரத்தமே இல்லாத ஆள்கிட்ட இன்னொரு ட்யூப்பா? அதெல்லாம் வேண்டாம், இருக்கதக் குடுங்க” என்றேன். அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தாள்.

இரும்பு மாத்திரை தினமும் ஒன்று. ஃபோலேட்டுக்கு ஃபோலிக் மாத்திரை தினமும் ஒன்று. “இந்த ஃபோலிக் மட்டும் எல்லா ரிப்போர்ட்டும் பாத்துட்டு ஆரம்பிங்க” என்று டாக்டர் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஆரம்பித்தாயிற்று.

03-09-2024, செவ்வாய்

காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் அக்கா மாத்திரையை வாயில் போட்டுக் கடுங்காப்பியை ஊற்றி விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

“ஏக்கா, காப்பி குடிச்சா இரும்பு உள்ளயே போவாது. எல்லாம் வீணு!”

“வெறும் வயித்துல எப்படில முழுங்க?”

“எலுமிச்சம்பழத் தண்ணி குடி. காப்பி ரெண்டு மணி நேரம் கழிச்சு.”

“ரெண்டு மணி நேரம் காப்பி இல்லன்னா நான் தையல் ஃப்ரேம்ல உக்காருதது எப்படி? ஒனக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவ.”

டம்ளரைப் பிடுங்கிச் சிங்க்கில் கொட்டினேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சொன்னால் கேட்பவர்களாக இருந்தால் நான் ஏன் கொட்டப்போகிறேன்?

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

08-09-2024, ஞாயிறு

தினமும் ஒன்று என்ற கணக்கு சரிப்படாது. குறி பத்து, இருப்பு ஏழு. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது மருந்து செலுத்தும் அளவைக் கூட்டுவதுதான் வழி. இன்று முதல் இரும்பு ரெண்டு, ஃபோலிக் மூன்று. ஃபோலிக் தண்ணீரில் கரைவது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். இணையத்தில் பார்த்தேன். டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கமாட்டோம் என்பார்கள்.

அக்கா ஆரி வேலை செய்கிறாள். கல்யாண ரவிக்கைகளுக்குக் கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்துப் பூப்போடும் வேலை. பாளையங்கோட்டையில் அவள் கைக்கு ஒரு மதிப்பு உண்டு. ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஐந்து ரவிக்கை வந்திருக்கிறது. “ஆபரேஷனுக்கு முன்னாடி முடிச்சிரணும்” என்று விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். கால் பஞ்சு மேல் நிற்பது மாதிரி இருக்கிறதாம். ரத்தம் இல்லாவிட்டால் அப்படித்தான் இருக்கும். கூடினால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

12-09-2024, வியாழன்

மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து மாத்திரையை ஒரு வேளை நிறுத்தியிருக்கிறாள். இரும்பு தின்றால் கறுப்பாகத்தான் போகும். சீட்டு கொடுக்கும்போதே டாக்டர் சொன்னது. கத்தினேன்.

வயிறு வலி, மூன்று நாளாக வெளியே போகவில்லை என்பதை அப்புறம்தான் சொன்னாள். கொய்யாப்பழம் வாங்கிவந்தேன்.

15-09-2024, ஞாயிறு

வாஷிங் மெஷின் வடிகுழாய் அடைப்பு. எடுத்தாயிற்று. அக்காவின் ஜரிகை நூல்தான்.

19-09-2024, வியாழன்

ஒரு ஹோட்டல் நீச்சல் குளம். மீட்டரில் எல்லாம் சரியான அளவு. இறங்கினவனுக்குக் கண் எரிகிறது. போய்ப் பார்த்தால் உணர்கருவி முனையில் பாசி. அது பத்து நாளாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே இருந்த ஆளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். “மீட்டரப் பாத்தா போதுமாவே? தண்ணியப் பாக்க மாட்டீரா?” என்றேன். அவர் வயசுக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. சம்பளம் வாங்குகிறார் அல்லவா.

வீட்டுக்கு வந்தால் அக்கா மாடியிலிருந்து ஒற்றைச் செருப்போடு இறங்கி வருகிறாள்.

“இன்னொண்ணு எங்க?”

குனிந்து காலைப் பார்த்தாள். “அய்யே, கழண்டு விழுந்திருக்கு. தெரியவே இல்ல பாரேன்” என்று சிரித்தாள்.

பழைய செருப்பு. வார் தளர்ந்துவிட்டது. புதிது வாங்கித் தரவேண்டும்.

23-09-2024, திங்கள், காலை 10.15

8.6.

மூன்று வாரத்தில் 1.5! டாக்டர் ஜெபராணியே கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “நல்லா ஏறுதே. சொன்ன மாதிரிதானே சாப்புடுதீங்க?” என்று அக்காவைக் கேட்டார். “அதெல்லாம் கரெக்டா நடக்குது டாக்டர்” என்றேன் நான். வெளியே நாற்பது பேர். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வரும் வழியில் அக்கா பஸ் படியில் காலைத் தேடித் தேடி வைத்தாள். பின்னால் நின்றவன் “ஏம்மா சீக்கிரம்” என்றான். அவனோடும் ஒரு சண்டை.

27-09-2024, வெள்ளி

மாம்பழ நிறப் பட்டு, மணப்பெண் ரவிக்கை, முதுகில் ரெண்டு மயில். ஒரு மயிலின் கழுத்தில் ரத்தப் பொட்டு.

ஆரி வேலையில் வலது கை துணிக்கு மேலே ஊசியைக் குத்தும். இடது கை ஃப்ரேமுக்கு அடியில் நூலைப் பிடித்துக் கொடுக்கும். அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது; விரல்தான் பார்க்கவேண்டும். அக்கா பதினெட்டு வருடமாக டிவி பார்த்துக்கொண்டே செய்கிறாள். இன்று ஊசி இடது கை விரலில் நாலைந்து இடத்தில் குத்தியிருக்கிறது. துணி சிவந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“விரல் நுனியெல்லாம் மரத்தாப்ல இருக்குடே. நூலு இருக்கா இல்லியான்னே தெரியமாட்டேங்கு.”

“எத்தன நாளா?”

“கொஞ்ச நாளா. முன்னயும் லேசா உண்டும். இப்பம் கூடிப்போச்சு.”

“எட்டு புள்ளி ஆறு வந்தாச்சு. ரத்தம் கூடக் கூட மரப்பு கொறையத்தான் செய்யணும், எப்படிக் கூடும்? ராப்பகலா உக்காந்து தைச்சா விரல் மரக்கத்தான் செய்யும். ஒரு வாரம் அத மூடி வையி.”

“ஐப்பசி பொறக்கப் போவுதுல.”

“அப்பம் குத்திக்கிட்டே இரு. நான் ஏத்துதேன், நீ எறக்கு!”

அவள் பொட்டின் மேல் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லை.

04-10-2024, வெள்ளி

பாத்ரூமில் முகத்துக்குச் சோப்புப் போடும்போது சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டாள். நெற்றியில் புடைப்பு. கண்ணை மூடினால் தரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம்.

பலவீனம். இரும்பை மூன்றாக்கலாமா என்று யோசித்தேன். வயிறு தாங்காது. ஃபோலிக்கை நாலாக்கினேன்.

மஸ்கட்டிலிருந்து அக்காவின் கணவர், அத்தான், பேசினார். “மாப்ளே, எல்லாம் நல்லாப் போவுதா?” என்றார். நம்பரைச் சொன்னேன். “நீ இருக்கப் போயி எனக்குக் கவலையே இல்ல” என்றார்.

11-10-2024, வெள்ளி

சரஸ்வதி பூஜை. ஆரி ஊசிகளைத் தட்டில் வைத்துச் சந்தனம் இட்டாள். எடுக்கும்போது ஒரு ஊசியை மூன்று தடவை நழுவவிட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவளோடு பேசவில்லை. என்ன பேசினாலும் கால், விரல், கால், விரல்.

14-10-2024, திங்கள், காலை 9.50

10.2.

பத்து புள்ளி ரெண்டு. நாலு நாள் பாக்கி இருக்கும்போதே.

ரிப்போர்ட்டைக் காட்டினேன். “அப்படியா” என்றாள். அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் சர்க்கரையாவது வாயில் போட்டிருப்பார்கள். நாற்பத்திரண்டு நாள் மாத்திரை, எலுமிச்சை, நேரம் என்று நான் ஓடின ஓட்டத்துக்கு ஒரு “அப்படியா”!

16-10-2024, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குத் தகுதியா என்று பார்க்க மயக்க மருந்து டாக்டர் மைதீனிடம் அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை முதல் ஆளாக நீட்டினேன். அவர் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அறைக்குள் அவள் நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறார்.

“ஏம்மா, தரையப் பாத்துக்கிட்டே நடக்குதீங்க?”

“பாக்கலன்னா கால் எங்க இருக்குன்னு தெரியமாட்டேங்கு டாக்டர்.”

எழுந்து நிற்கச் சொன்னார். காலைச் சேர்த்து வை, கண்ணை மூடு என்றார். அக்கா மூடினாள். ரெண்டு எண்ணுவதற்குள் வெட்டின வாழை மாதிரி சாய்ந்தாள். அவர் தயாராகக் கையை நீட்டி நின்றிருந்தார், பிடித்துக்கொண்டார். நான் நாற்காலியில் இருந்தேன்.

ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டு அவள் கால் கட்டைவிரலில் வைத்தார். “அதிருதா?” இல்லை. கணுக்கால். இல்லை. முழங்கால். “லேசா.”

“சாப்பாடு எப்படி? கறி, மீனு, முட்ட?”

“சைவம் டாக்டர்.”

“பால், தயிரு?”

“தொடுததில்ல. காசில விட்டுட்டேன்.”

“காசிலயா?”

“எங்கம்மா அஸ்தியக் கரைக்கப் போனோம்லா, மூணு வருஷம் முன்னாடி. அங்க போனா பிடிச்சது ஒண்ண விட்டுட்டு வரணும். எல்லாரும் கொத்தவரங்கா, பாவக்கான்னு விடுதாவ. அது என்ன விடுதது, யாரு அதத் திங்கா? எனக்குத் தயிருன்னா உசுரு. அத விட்டேன். தயிர விட்டுட்டுப் பால மட்டும் எதுக்குக் குடிக்கன்னு அதையும் விட்டாச்சு.”

நானும் அன்று அதே படித்துறையில்தான் நின்றேன். நான் விட்டது சுண்டைக்காய். அதற்கு முன்பும் நான் அதைத் தின்றதில்லை. பக்கத்தில் நின்றவள் எதை விட்டாள் என்று கேட்கவில்லை. ஒன்றரை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அவள் காப்பி ஏன் கறுப்பாக இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

டாக்டர் மைதீன் பழைய சீட்டைப் புரட்டினார். “ஜெபராணி மேடம் பி12 எழுதிருக்காங்களே. ரிப்போர்ட் எங்க?”

“லேப்ல ஸ்டாக் இல்ல சார்” என்றேன்.

“இல்லன்னா வெளிய அனுப்புவாங்களே. அனுப்பலியா?”

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“நாந்தான் டாக்டர் வேண்டாம்னேன். ஊசின்னா எனக்குப் பயம்.”

பதினெட்டு வருடம் ஊசியோடு உட்கார்ந்தவள்.

“படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, இப்படிப் பண்ணலாமாம்மா?” என்று அவளைத்தான் திட்டினார். நல்ல திட்டு. “ஃபோலிக் மட்டும் போட்டா ரத்தம் ஏறிரும், பாக்க எல்லாம் சரியான மாதிரி இருக்கும். பி12 இல்லாத நரம்பு உள்ள கெட்டுக்கிட்டே வரும். அதுக்குத்தான் மொதல்ல அதப் பாக்கச் சொல்லுதது. இதோட மயக்கம் குடுத்திருந்தா இன்னும் மோசம். நாங்க குடுக்கற வாயுல ஒண்ணு, மிச்சமிருக்க பி12-ஐயும் வேல செய்ய விடாது.”

ஆபரேஷன் ஒத்திவைப்பு. பி12-க்கு ரத்தம் எடுத்த கையோடு முதல் ஊசியும் போட்டார்கள்.

பில் பணம் கட்டி ஆட்டோ பிடித்தேன்.

17-10-2024, வியாழன்

லேபில் மருந்து தீர்ந்தால் முன்கூட்டியே வாங்கி வைக்கமாட்டார்களா? வாங்க வக்கில்லை என்றால் எதற்குப் பெயர்ப்பலகை? “வேண்டாம்” என்று ஒருவன் சொன்னால் “வேண்டும், டாக்டர் எழுதியிருக்கிறார்” என்று அந்தப் பெண் ரெண்டாம் தடவை சொல்லியிருக்கக் கூடாதா? டாக்டர் ஜெபராணி ரெண்டு தடவை பார்த்தாரே, ஒரு தடவையாவது அந்த ரிப்போர்ட்டைக் கேட்டாரா? மாத்திரை டப்பாவில் எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன? காசியில் தயிரை விடச் சொன்னது யார்?

இப்படி ரெண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன்.

வேண்டாம் என்றது நான். மூன்றாக்கியது நான். நாலாக்கியது நான்.

19-10-2024, சனி

பி12: 84. குறைந்தது இருநூறு இருக்கவேண்டும். இன்று நாலாவது ஊசி.

மயில் ரவிக்கைக்காரர்கள் வந்தார்கள். மணப்பெண்ணின் தாயார். ஒன்றரை மயிலோடு துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “உடம்பப் பாத்துக்கோம்மா” என்றார். மற்ற நாலு ரவிக்கையையும் அக்காவே போன் போட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். ஃப்ரேமை மடித்துச் சுவரோரம் சாத்தினாள். சாத்தும்போது விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தாள்.

எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. முடியாதபோது எனக்கு என்ன வருமோ அதுதான் வந்தது.

“கால் மரக்கு, கை மரக்குன்னு கொஞ்சம் சத்தம் போட்டுச் சொல்லிருக்கலாம்லா? சிரிச்சுக்கிட்டே சொன்னா யாருக்குத் தெரியும்?”

அக்கா திரும்பினாள். என் மேல் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

“சொன்னேம்ல, மூதி. நாலு தடவ சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ நம்பரச் சொன்ன. எட்டரைங்க, ஒம்பதுங்க. நான் என்னத்தப் பேச? எனக்கா நம்பர் தெரியும்? ஏங்காலு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டேன். அவன் படிச்சவன், அவன் சொன்னா சரியா இருக்கும்னு.”

“அப்புறம் எதுக்கு மைதீன்கிட்ட நீ பழிய ஏத்துக்கிட்ட? நானா கேட்டேன்?”

“ஒம் மொகத்தப் பாக்கச் சகிக்கல.”

அப்புறம் அவளே, “சவத்த விடு. போட்டும்ல. சாப்புட வா” என்றாள்.

நோட்டைப் புரட்டினேன். செப்டம்பர் 8, 19, 27, அக்டோபர் 4. நாலு தடவையும் தேதி போட்டு, என் கையெழுத்தில், நானே எழுதி வைத்திருக்கிறேன்.

20-10-2024, ஞாயிறு

சாப்பாட்டுக்கு முன்னால் தயிர் ஒரு டம்ளர் வைத்தேன். “விட்டது விட்டதுதான்” என்று தள்ளிவிட்டாள். “ஊசி போடுதாங்கள்லா, அது போதும். அதுல ஒண்ணும் பால் இல்லியே?” இல்லை என்றேன். வற்புறுத்த வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். ஒரு வாரத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான்.

விரல் திரும்புமா என்று நேற்று ஊசி போடப் போன இடத்தில் டாக்டர் மைதீனைக் கேட்டேன். “வரும்னு நெனைக்கேன். எவ்வளவு வரும்னு இப்பம் சொல்ல முடியாது. ஆறு மாசம் பாக்கணும். எத்தன நாளா, என்ன அளவுல ஃபோலிக் போட்டாங்கன்னு சரியாத் தெரிஞ்சா கொஞ்சம் கணிக்கலாம்” என்றார். “ஒண்ணுதானே எழுதிருக்கு? ஒண்ணுதானே போட்டாங்க?”

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு ஆட்டு.

அவர் ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

21-10-2024, திங்கள், காலை 7.05

ஹீமோகுளோபின் 10.2. பி12 ஊசி இதுவரை ஐந்து. கண்ணை மூடி நின்றது நாலு விநாடி. விரல் நுனியில் நூல் தெரியவில்லை.

இனிச் செய்யவேண்டியது:

1. இன்று ஒன்பதரைக்கு டாக்டர் மைதீனிடம் போவது. பரிசோதனை வேண்டாம் என்றது அக்கா இல்லை, நான் என்று சொல்வது. ஃபோலிக் ஒன்று இல்லை, செப்டம்பர் 8 முதல் மூன்று, அக்டோபர் 4 முதல் நாலு, இரும்பு ரெண்டு. அவர் கேட்பதற்கு முன்னால் சொல்வது.

2. அதையே டாக்டர் ஜெபராணியிடமும். “லேப்ல” என்று வாக்கியத்தை ஆரம்பிக்காமல்.

3. இரும்பு, ஃபோலிக் அளவை அவர்கள் எழுதுகிறபடி. எழுதியது குறைச்சல் என்று எனக்குத் தோன்றினால் அவர்களிடம் கேட்பது. டப்பாக்கள் என் அலமாரியிலிருந்து அக்கா அலமாரிக்கு.

4. அத்தானுக்குப் போன். பத்து புள்ளி ரெண்டில் ஆரம்பிக்கக் கூடாது.

5. தினமும் காலையில் முதலில் “கால் எப்படி இருக்கு, கை எப்படி இருக்கு” என்று கேட்பது. பதில் முடியும்வரை பேசாமல் இருப்பது.

6. டாக்டர்களிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும், அக்கா “போட்டும்ல” என்பாள். சரி என்று சொல்லாமல் இருப்பது.